இயற்கைப் பொருளுக்கு இரண்டு மடங்கு விலை: எதற்குக் கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்?

ஃபேர்லேண்ட்ஸ் கவி | ஞாயிறு காலை 9.40

சேலத்து மக்களே, ஒரு குடும்பக் கணக்கு. வீட்டில் நாலு பேர், அதில் ஒன்றுக்கு மூன்று வயது. பக்கத்துத் தெருவில் இயற்கை அங்காடி திறந்ததிலிருந்து மாதச் செலவு ஏறிக்கொண்டே போகிறது. அங்கே நாட்டுக்கோழி முட்டை ஒன்று 18 ரூபாய், மளிகைக் கடையில் வெள்ளை முட்டை 7 ரூபாய்க்குள் கிடைக்கிறது. நாட்டு மாட்டுப் பால் லிட்டர் 110, ஆவின் நீல பாக்கெட் இரண்டு வாங்கினால் 40. போதாததற்கு ‘மேய்ச்சலில் வளர்ந்த ஆட்டுக்கறி, முன்பதிவு செய்யவும்’ என்று பலகை வேறு வைத்திருக்கிறார்கள்.

வீட்டுக்காரர் ‘எல்லாம் ஏமாற்று வேலை’ என்கிறார். நாத்தனார் ‘கடைக்காய் எல்லாமே விஷம்’ என்கிறார். இரண்டு பேரோடும்தான் குடித்தனம் நடத்த வேண்டும். எல்லாவற்றையும் இயற்கையாகவே வாங்க வசதி இல்லை. மாதம் 2,000 ரூபாய் கூடுதலாகப் போடலாம் என்றால் அதை எந்தப் பொருளில் போடுவது? தெரிந்தவர்கள் பொருள் பொருளாகச் சொல்லுங்கள்.

மேச்சேரிக்காரன் | ஞாயிறு காலை 10.05

கறியில் ஆரம்பிக்கிறேன், அதுதான் எனக்குத் தெரிந்த தொழில். மேய்ச்சலில் வளர்ந்த ஆடு என்று பலகையா? மேயாத ஆட்டை அவர்கள் எங்கே பார்த்தார்களாம்?

எங்கள் மேச்சேரி ஆடு காட்டிலும் மேட்டிலும் மேய்ந்தே வளர்வது. செம்பழுப்பு உடம்பு, கொம்பு இல்லை, கம்பளியும் இல்லை. காய்ந்த புல்லையும் வேலங்காயையும் தின்று வறட்சியைத் தாங்குகிற இனம். இதற்கென்றே பொட்டனேரியில் அரசு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சேலம் கருப்பு வெள்ளாடும் அப்படித்தான், இலை தழையைக் கடித்துக்கொண்டே திரியும். பரண் போட்டு, அடர்தீவனம் கொடுத்து வளர்ப்பவர்கள் இப்போது வந்திருக்கிறார்கள். ஆனாலும் சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி மேய்ச்சல் ஆடுதான்.

‘புல் மேய்ந்தது’ என்ற பெருமை அமெரிக்காவில் பொருத்தம். அங்கே மாட்டைக் கடைசி சில மாதம் பட்டியில் அடைத்து, மக்காச்சோளம் போட்டுக் கொழுக்க வைப்பார்கள். அதனால் மேய்ந்த மாட்டின் கறி தனிச் சரக்கு, தனி விலை. அந்த ஊர்ப் பலகையை இங்கே மாட்டி எங்கள் ஆட்டுக்கே கூடுதல் காசு வாங்குகிறார்கள், அதில் ஒரு பைசா எங்களுக்கு வருவதில்லை. உங்கள் 2,000-த்தில் கறிக்குப் பூஜ்யம் போடுங்கள் அக்கா. கண்ணெதிரே அறுத்துத் தருகிற கடையில் வாங்கினால் போதும்.

அம்மாபேட்டை ஸ்ரீ | ஞாயிறு காலை 10.50

கறியை விடுங்கள், நாங்கள் சைவம். ஆனால் காய், தானியத்தில் வித்தியாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2014-ல் நியூகாசில் பல்கலைக்கழகக் குழு 343 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து வெளியிட்டது. இயற்கை விளைச்சலில் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பொருள்கள் (ஆன்டிஆக்சிடன்ட்) அதிகம், காட்மியம் என்ற நச்சு உலோகம் சராசரியாக 48 சதவீதம் குறைவு. அதே குழு 2016-ல் பாலையும் கறியையும் ஆராய்ந்தது, ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு சுமார் 50 சதவீதம் அதிகம் என்று வந்தது. பிரான்சில் ஏறக்குறைய 69,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2018-ல் வெளிவந்த ஆய்வில், இயற்கை உணவை அதிகம் சாப்பிட்டவர்களிடம் புற்றுநோய் 25 சதவீதம் குறைவு. கவி, குழந்தை இருக்கிற வீட்டில் இதற்கு மேல் என்ன யோசனை?

கால்நடைத் தாத்தா | ஞாயிறு பகல் 12.15

ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவன். ஸ்ரீ சொன்ன எண்கள் சரி, ஆனால் பாதிதான். 2012-ல் ஸ்டான்போர்டு குழு 200-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பார்த்தது. சத்தில் சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு இல்லை, பூச்சிமருந்து எச்சம் தென்படும் வாய்ப்பு மட்டும் 30 சதவீதம் குறைவு என்றது. பிரான்சு ஆய்வைச் சொன்னீர்கள். 2014-ல் பிரிட்டனில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கவனித்த ஆய்வில் மொத்தப் புற்றுநோய் குறையவில்லை. தவிர, இயற்கை உணவு வாங்குகிறவர்கள் பொதுவாகவே புகை பிடிக்காதவர்கள், நடக்கிறவர்கள், வசதி உள்ளவர்கள். கணக்கில் இதைக் கழிப்பார்கள்தான், முழுக்கக் கழிக்க முடியாது.

ஒமேகா-3 பற்றி: பாலில் அது இருப்பதே கொஞ்சம். கொஞ்சத்தில் 50 சதவீதம் கூடினாலும் கொஞ்சம்தான். மீன் சாப்பிடுகிற வீடாக இருந்தால், வாரம் ஒரு நாள் மத்தி மீன் குழம்பு வைத்தால் இந்த விவாதமே முடிந்துவிடும்.

இப்போது முட்டை. ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது, வளர்ப்பைப் பொறுத்தது அல்ல. பழுப்பு முட்டை போடும் கலப்பினத்தையும் கூண்டில் வைத்து வளர்க்கலாம், அந்த முட்டையை ‘நாட்டு முட்டை’ என்று விற்பவர்களும் உண்டு. கருவின் மஞ்சள் தீவனத்தில் வருவது. மக்காச்சோளமோ செண்டுமல்லிச் சாறோ சேர்த்தால் கூண்டுக்கோழிக்கும் கரு செக்கச்செவேல் என்று இருக்கும்.

அதற்காக வித்தியாசமே இல்லை என்று சொல்ல மாட்டேன். வெயிலில் திரிகிற கோழியின் முட்டையில் வைட்டமின் டி கூண்டு முட்டையை விட மூன்று நாலு மடங்கு வரை இருப்பதை 2014-ல் ஜெர்மானிய ஆய்வு காட்டியது. பச்சைப் புல்லும் புழுவும் தின்ற கோழியின் முட்டையில் வைட்டமின் ஈ இரண்டு மடங்கு என்று 2010-ல் பென்சில்வேனியாவில் கண்டார்கள். புரதம் ஏறக்குறைய ஒன்றுதான். கொலஸ்டிராலைக் குறைக்க நாட்டு முட்டை என்று நினைத்தால் வீண்.

நான் முட்டையைப் பார்ப்பது சத்துக்காக அல்ல. நாமக்கல் பக்கத்துக் கூண்டுகளில் ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் ஏ4 தாளை விடச் சின்னது. அது பிடிக்கவில்லை என்றால் 18 ரூபாய் கொடுங்கள், அதற்கு ஆய்வு எதுவும் தேவையில்லை. குழந்தைக்குப் புரதம் வேண்டும் என்றால் வெள்ளை முட்டையை நன்றாக வேகவைத்துக் கொடுங்கள்.

ஃபேர்லேண்ட்ஸ் கவி | ஞாயிறு பகல் 12.40

நன்றி அய்யா. பிராய்லரில் ஊசி போடுகிறார்கள், அதனால்தான் பெண் குழந்தைகள் சீக்கிரம் வயதுக்கு வருகிறார்கள் என்று நாத்தனார் சொல்வது?

கால்நடைத் தாத்தா | ஞாயிறு பகல் 1.05

ஹார்மோன் ஊசி என்பது வெறும் கதை. பண்ணையில் ஆயிரக்கணக்கான கோழி, ஒவ்வொன்றையும் பிடித்து ஊசி போட்டால் கூலிக்கே கட்டாது. ஆறு வாரத்தில் இரண்டு கிலோ வருவது இனத் தேர்வாலும் தீவனத்தாலும்.

நிஜக் கவலை ஆன்டிபயாடிக். நோய்க்குக் கொடுப்பது வேறு, எடை கூடத் தீவனத்தில் கலப்பது வேறு. மனிதனுக்குக் கடைசிக் கட்ட மருந்தான கொலிஸ்டினைக்கூடக் கோழிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், 2019-ல்தான் மத்திய அரசு உணவுக்கான பிராணிகளில் அதைத் தடை செய்தது. மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகிவிட்டால் கோழி சாப்பிடாதவனையும் அது விடாது. வாங்குகிறவர் யார் என்பதைத் தாண்டி ஊருக்கே பாதிப்பு என்பது இங்கேதான்.

தலைவாசல் விவசாயி | ஞாயிறு மாலை 6.20

‘கடைக்காய் எல்லாமே விஷம்’ என்று போகிறபோக்கில் எழுதுகிறீர்களே, அந்தக் காயைப் போடுகிறவன் நான். கொஞ்சம் கேளுங்கள்.

கத்தரி போட்டால் தண்டு, காய்த் துளைப்பான் வராமல் இருக்காது. புழு காய்க்குள் போய்விட்டால் எந்த மருந்தும் எட்டாது, அதனால் முன்கூட்டியே அடிக்கிறோம். ஒவ்வொரு மருந்துக்கும் அடித்த பிறகு இத்தனை நாள் பறிக்கக் கூடாது என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது. ஆனால் கத்தரிக்காய் காத்திருக்குமா? வாரம் இரண்டு பறிப்பு. விட்டால் முற்றிப் போகும், முற்றிய காயைத் தலைவாசல் மார்க்கெட்டில் சீந்துவாரில்லை. ஒரு சொத்தை தெரிந்தால் மூட்டையையே ஓரங்கட்டுகிறார் வியாபாரி. சொத்தையில்லாத, பளபளவென்ற காயைக் கேட்பது யார்? நீங்கள்தானே.

எது ஆபத்து, எது இல்லை என்று வயலில் நிற்பவனுக்குத் தெரியும். மருந்து அதிகம் வாங்குவது கத்தரி, வெண்டை, காலிஃபிளவர், முட்டைகோஸ், பச்சை மிளகாய். இவற்றோடு யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று: கறிவேப்பிலை. இலையைத்தான் விற்கிறோம், இலை மேல்தான் மருந்து விழுகிறது, குழம்பில் போடுமுன் பேருக்கு ஒரு அலசு அலசுகிறீர்கள். அனேகமாக மருந்தே வாங்காதவை முருங்கைக்கீரை, சுண்டைக்காய், வாழைப்பூ, வாழைத்தண்டு, சேனைக்கிழங்கு, பூசணி. இவற்றை இயற்கை அங்காடியில் இரண்டு மடங்கு கொடுத்து வாங்குவதற்குச் சும்மா இருக்கலாம். உழவர் சந்தையில் வாங்குங்கள்.

ஸ்ரீ அண்ணாவுக்கு: பக்கத்தில் இலங்கையைப் பாருங்கள். 2021-ல் ரசாயன உரத்தை ஒரே உத்தரவில் நிறுத்தினார்கள். நெல் விளைச்சல் விழுந்தது, தேயிலை விழுந்தது, அந்த வருடமே தடையைத் திரும்பப் பெற வேண்டி வந்தது.

அம்மாபேட்டை ஸ்ரீ | ஞாயிறு இரவு 8.10

இலங்கை செய்தது திடீர்த் தடை, இயற்கை விவசாயம் அல்ல. சிக்கிம் பல வருடம் படிப்படியாகப் போய் 2016-ல் முழு இயற்கை மாநிலமாக அறிவித்தது. மண் தயாராக நேரம் வேண்டும். பஞ்சகவ்யா, மீன் அமிலம், வேப்பங்கொட்டைக் கரைசல் வைத்துக் கத்தரி எடுப்பவர்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள்.

தலைவாசல் விவசாயி | ஞாயிறு இரவு 8.35

இருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. நானும் வேப்பங்கொட்டைக் கரைசல் அடிக்கிறவன்தான். ஆனால் மகசூல் குறையும். உலகம் முழுக்கச் சேர்த்துப் பார்த்த கணக்கிலேயே சராசரியாக 20 சதவீதம் வரை குறைவு என்றுதான் வருகிறது. அந்த 20 சதவீதத்துக்கு யார் பணம் தருவது? மாறுகிற முதல் இரண்டு மூன்று வருடம் மகசூலும் இல்லை, இயற்கை விலையும் இல்லை. குத்தகை நிலத்தில் இருப்பவன் மண்ணைத் தேற்றி வைத்தால், தேறியதும் நிலக்காரர் திரும்ப வாங்கிக்கொள்வார். சிக்கிமில் அரசு கூடவே நின்றது. இங்கே 2023-ல் அங்கக (அதாவது இயற்கை) வேளாண்மைக் கொள்கை வந்திருக்கிறது, வயல் வரைக்கும் வரட்டும், பார்ப்போம்.

ஏற்காடு காப்பித் தோட்டம் | திங்கள் காலை 7.30

மேலே குளிர், நெட்வொர்க் இப்போதுதான் வந்தது. தம்பி தலைவாசல் சொன்னது எல்லாம் மலையிலும் உண்டு, கூடவே காட்டெருமை வேறு.

எங்கள் தோட்டம் சின்னது. சில்வர் ஓக் நிழலில் அரபிகா காப்பி, மரத்தில் மிளகுக்கொடி, நடுவில் கொஞ்சம் பேரி, ஆரஞ்சு. நெடுநாளாக ரசாயன உரம் இல்லை. ஆனால் இலைத்துரு நோய்க்கும், மிளகின் வாடலுக்கும் போர்டோ கலவை அடிக்கிறேன். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த கரைசல். மயில்துத்தம் என்றால் செம்பு உப்பு, மூலிகை அல்ல. இயற்கைச் சான்று விதிகளிலேயே அளவோடு இதற்கு அனுமதி உண்டு. ‘இயற்கை என்றால் மருந்தே அடிக்க மாட்டார்கள்’ என்று நினைக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சான்றுக்கு வருகிறேன். ஏற்றுமதிக்கு, மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி அமைப்பான அபெடாவின் தேசிய அங்ககத் திட்டச் சான்று, நம் மாநிலத்தில் கோவையில் இருக்கும் அங்ககச் சான்றளிப்புத் துறை தருகிறது. ஆண்டுப் பயிருக்கு இரண்டு வருடம், காப்பி போன்ற நீண்டகாலப் பயிருக்கு மூன்று வருடம் மாறுதல் காலம். பதிவேடு எழுதி எழுதியே கை ஓய்ந்துவிடும். உள்ளூரில் விற்க பிஜிஎஸ் என்று ஒன்று உண்டு: குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் பரிசோதித்து உறுதி கூறுவது. செலவு குறைவு, அக்கம்பக்கத்தைப் பகைத்துக்கொள்ளும் துணிச்சல் வேண்டும். கடையில் ‘ஆர்கானிக்’ என்று அச்சிட்ட பாக்கெட் வாங்கினால் அரசின் அங்ககச் சான்று முத்திரை இருக்கிறதா பாருங்கள். 2018 ஜூலையில் ஜைவிக் பாரத் என்ற பெயரில் அது கட்டாயமானது. விலக்கு உண்டு: ஆண்டுக்கு 12 லட்சத்துக்குள் விற்கும் சிறு விவசாயி நேரடியாக உங்களிடம் விற்றால் சான்று வேண்டாம். நடுவில் ஒரு கடை இருந்து, முத்திரையும் இல்லையென்றால் அது வெறும் வாய்ச்சொல்.

காப்பிக்கு இரண்டு மடங்கு கொடுக்கலாமா என்று கேட்டால், குடிப்பவருக்கு நான் பெரிதாக ஒன்றும் வாக்குத் தர மாட்டேன். கொட்டை, பழத்தின் தோலுக்கும் சதைக்கும் ஓட்டுக்கும் உள்ளே இருக்கிறது, அதையும் வறுத்துத்தான் குடிக்கிறீர்கள். வித்தியாசம் இங்கே மேலே. மருந்து தெளிக்கிறவன் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, எதிர்க்காற்றில் நின்று அடிக்கிறான். அடித்தது மழையில் கரைந்து ஓடையில் இறங்குகிறது. சாப்பிடுகிறவர் உடம்பைப் பற்றி நூறு ஆய்வு பேசுகிறோம், தெளிக்கிறவர் உடம்பைப் பற்றி யாரும் இழை ஆரம்பிப்பதில்லை. கூடுதல் விலைக்கு உறுதியான நியாயம் ஒன்று இருக்கிறதென்றால் அது இதுதான் என்பது என் கட்சி. ஆனால் அந்தக் கூடுதல் விலை தோட்டத்துக்கு வர வேண்டும். என் மிளகை வியாபாரி எல்லா மிளகோடும் சேர்த்துத்தான் எடை போடுகிறார்.

செவ்வாய்பேட்டை மளிகை | திங்கள் காலை 11.00

கவி மேடம், நீங்கள் பட்டியலில் போடாத ஒன்றைச் சொல்கிறேன். வெல்லம்.

எங்கள் செவ்வாய்பேட்டை வெல்ல மண்டி ஊரறிந்தது. கரும்பு இயற்கையாக விளைந்ததா என்று கேட்பவர்கள் உண்டு, காய்ச்சும்போது என்ன போட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பொன்மஞ்சளாக வரவேண்டும் என்று ஹைட்ரோஸ் என்ற வெளுக்கும் ரசாயனத்தைப் போடுகிறார்கள், எடைக்கு அஸ்கா எனும் வெள்ளைச் சர்க்கரை கலக்கிறார்கள். ஓமலூர், காமலாபுரம் பக்கம் உணவுப் பாதுகாப்புத் துறை சோதனை போட்டுப் பிடித்த செய்தி அடிக்கடி வருகிறது. நல்ல வெல்லம் கருஞ்சிவப்பாக, கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கும். பார்க்க அழகில்லாததால் விற்காது! பளீரென்ற வெள்ளை ஜவ்வரிசியும் இதே கதை. நல்ல சரக்கு மங்கிய வெள்ளையாகத்தான் இருக்கும்.

மாம்பழமும் அப்படித்தான். மல்கோவாவோ சேலம் குண்டோ, மரத்தில் என்ன அடித்தார்கள் என்பதோடு, கல்லு வைத்துப் பழுக்க வைத்தார்களா என்பதையும் பாருங்கள். கார்பைட் கல்லுக்குத் தடை உண்டு. எத்திலீன் வாயு அறையில் பழுக்க வைப்பதற்கு அனுமதி உண்டு, அது பழத்திலேயே ஊறுகிற வாயுதான். இயற்கைத் தோப்பில் காய்த்த காயையும் கல்லு வைத்து விற்கலாம், அதனால் தோப்புப் பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள்.

நெறியாளர் | திங்கள் பகல் 12.30

கடைப் பெயர்களைக் குறிப்பிட்டு வந்த இரண்டு பதிவுகளை எடுத்திருக்கிறேன். புகார் இருந்தால் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் போங்கள், இங்கே பெயர் வேண்டாம். விவாதம் தொடரட்டும்.

அம்மாபேட்டை ஸ்ரீ | திங்கள் மாலை 5.15

பால் பற்றி யாரும் சொல்லவில்லையே? நாட்டு மாட்டுப் பால் ஏ2 என்று...

கால்நடைத் தாத்தா | திங்கள் மாலை 6.00

ஏ1, ஏ2 என்பது பாலில் உள்ள ஒரு புரதத்தின் இரண்டு வகை. அந்த விவகாரத்தில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2024 ஆகஸ்டில் அந்தப் பெயரைப் போட்டு விற்காதே என்று சொல்லி, ஒரே வாரத்தில் உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதில் நான் தலையிடவில்லை.

பாலில் நான் கவனிப்பது பூஞ்சை நஞ்சு. அப்ளாடாக்சின். ஈரத்தில் பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு, மக்காச்சோளம் இவற்றில் உண்டாகி, மாடு தின்றால் பாலில் இறங்கும். காய்ச்சினாலும் போகாது. 2018-ல் நாடு முழுக்க எடுத்த பால் ஆய்வில் தமிழ்நாட்டு மாதிரிகள் 551-ல் 88-இல் இது வரம்பை மீறி இருந்தது. மீறிய மாதிரிகளின் எண்ணிக்கையில் மாநிலங்களில் நாம்தான் முதலிடம். நாடு முழுக்கப் பார்த்தால் கறந்த பாலை விடப் பதப்படுத்திய பாலில் அதிகம்.

ஸ்ரீ இதைப் படித்ததும் ‘பார்த்தீர்களா, பாக்கெட் பால்’ என்று வருவார் என்று தெரியும். பொறுங்கள். அங்காடிக்குப் பால் தரும் நாட்டு மாட்டுக்கும் அதே கடையின் புண்ணாக்குதான் போகிறது என்றால் என்ன பயன்? இது மனிதன் அடித்த ரசாயனம் அல்ல, முழுக்க முழுக்க இயற்கையான நஞ்சு. இயற்கை என்ற முத்திரை இதைத் தடுக்காது, உலர்ந்த தீவனம்தான் தடுக்கும். மேய்ச்சலின் பலனும் பருவத்தைப் பொறுத்தது. மழைக்குப் பிறகு பச்சை கிடைக்கும்போது பாலில் கரோட்டின் ஏறும். பங்குனி, சித்திரையில் சேலத்தில் எந்த மாட்டுக்குப் பச்சைப் புல்? எல்லாம் சோளத்தட்டும் வைக்கோலும்தான்.

இன்னொன்று: இயற்கைப் பால் என்று பச்சையாகக் குடிக்காதீர்கள். கருச்சிதைவு நோய்க் கிருமி பாலில் வரும், மனிதனுக்கும் தொற்றும். பொங்கக் காய்ச்சினால் போதும். முளைகட்டிய பயறையும் குழந்தைக்கு வேகவைத்தே கொடுங்கள். 2011-ல் ஜெர்மனியில் ஒரு இயற்கைப் பண்ணையின் முளைகட்டிய தானியத்தால் பரவிய கிருமியில் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், வெந்தய விதையில்தான் சந்தேகம் போய் நின்றது.

மேச்சேரிக்காரன் | திங்கள் மாலை 6.20

தாத்தா ஒரு பதிவில் பாலையும் முளைகட்டிய பயறையும் முடித்துவிட்டார். ஆட்டுக்கறி மட்டும் தப்பியது 😄

ஃபேர்லேண்ட்ஸ் கவி | புதன் காலை 10.10

எல்லோருக்கும் நன்றி. தலைவாசல் அண்ணா சொன்னபடி கத்தரி, வெண்டை, மிளகாய், காலிஃபிளவர் நாலையும் மட்டும் சூரமங்கலம் உழவர் சந்தையில் இயற்கை முறை என்று தனியாக வைத்து விற்கிற ஒருவரிடம் வாங்கத் தொடங்கியிருக்கிறேன். காயில் சொத்தை இருக்கிறது. நாத்தனாருக்குச் சந்தோஷம், வீட்டுக்காரருக்கு இல்லை. கறிவேப்பிலைக்கு மாடியில் ஒரு தொட்டி வைத்தாயிற்று.

பால்காரரிடம் தீவனம் பற்றிக் கேட்டேன். அவருடைய மாடு கன்னங்குறிச்சி பக்கம். காலையில் மேய்ச்சல், மாலையில் தவிடும் கடலைப் புண்ணாக்கும். புண்ணாக்கை மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கி, கொட்டகையில் தரையிலேயே அடுக்கி வைத்திருக்கிறாராம். இது சரியா அய்யா?

கால்நடைத் தாத்தா | புதன் பகல் 1.30

சரியில்லை அம்மா. தரை ஈரம் சாக்குக்குள் ஏறும், மழைக்காலத்தில் இரண்டே வாரத்தில் பூசணம் பிடிக்கும். பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்கச் சொல்லுங்கள். பதினைந்து நாளைக்கு வேண்டியதை மட்டும் வாங்கச் சொல்லுங்கள். கட்டி தட்டியதையோ பச்சை படர்ந்ததையோ உதிர்த்துக் காயவைத்துப் போடலாம் என்று நினைப்பார், நஞ்சு அதில் போகாது, குப்பைக்குத்தான் போக வேண்டும். இதைச் செய்கிறார் என்றால் 110 ரூபாய் கொடுங்கள். செய்யவில்லை என்றால் நாட்டு மாடாக இருந்தாலும் அந்த விலைக்கு வாங்காதீர்கள்.